இரட்டிப்பான கனம்

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

சென்ற மாதம் எங்கள் பக்கத்துச் சேகரம் ஒன்றில், அதாவது பக்கத்துச் சபை வட்டாரத்தில், குருவானவருக்கு வெள்ளிவிழா எடுத்தார்கள். குருப்பட்டம் பெற்று 25 ஆண்டு. பஸ் நிறுத்தத்திலிருந்து ஆலய வாசல்வரை ஃபிளெக்ஸ். மேடையில் ஆளுயர மாலை, சால்வைக்கு மேல் சால்வை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளைஞர் ஒருவர் என் காதருகே குனிந்து, "சார், ஐயருக்கு இவ்வளவு தேவையா?" என்று கேட்டார். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துச் சபைகளில் குருவானவரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம்.

அன்று கூட்ட இரைச்சலில் அவருக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன். ஐயருக்கு மரியாதை தேவைதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகள் நம்மில் யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணிக் கரை நெடுகிலும் வெள்ளம். அந்த ராத்திரி எனக்குத் தெரிந்த ஒரு ஐயர் ஆலயக் கதவைத் திறந்துவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் நின்று, வந்தவர்களை ஒவ்வொருவராகக் கைபிடித்துப் படியேற்றினார். யார், எந்தத் தெரு, எந்தச் சாமி கும்பிடுகிறவர் என்று ஒரு கேள்வி கிடையாது. போர்வை போதவில்லை. பீடத்து விரிப்பை உருவி இரண்டு பச்சைக் குழந்தைகளுக்குச் சுற்றிக் கொடுத்தார்.

வெள்ளம் இல்லாத நாளிலும் ஐயர் வீட்டுக் கதவுக்கு ஓய்வு இல்லை. புருஷன் பெண்டாட்டி சண்டை, பங்காளித் தகராறு, வட்டிக்கு வாங்கி மாட்டிக்கொண்டவன் கண்ணீர், எல்லாம் அந்தத் திண்ணைக்குத்தான் வரும். கேட்டதைப் பெற்ற தாயிடம்கூடச் சொல்ல முடியாது. நாலைந்து வருஷம் ஒரு ஊரில் பழகினால் மாற்றல் வந்துவிடும். பிள்ளைகள் மறுபடி புதுப் பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் போய் உட்கார வேண்டும். ஐயரம்மா மறுபடி புது அடுப்பில் பால் காய்ச்ச வேண்டும். இதையெல்லாம் பார்த்த யாரும் மரியாதையில் கணக்குப் பார்க்க மாட்டார்கள்.

ஆனால் வேதத்தில் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது எந்தச் சொல்லைப் போட்டிருக்கிறார் என்று கவனியுங்கள். நன்றாய் விசாரணை செய்கிற மூப்பர்கள், விசேஷமாகத் திருவசனத்திலும் உபதேசத்திலும் பிரயாசப்படுகிறவர்கள், இரட்டிப்பான கனத்திற்குப் பாத்திரர் என்கிறார். பிரயாசப்படுகிறவர்கள். கனம் உழைப்புக்கு. அங்கி உடுத்தியதற்கென்று அங்கே ஒரு வார்த்தையும் இல்லை.

ஒரு சேகரம் என்றால் பல சபைகள். ஐயரோ ஒருவர். திருவிருந்து பரிமாறக் குருப்பட்டம் வேண்டும். ஞானஸ்நானத்துக்கும் கல்யாணத்துக்கும் பெரும்பாலும் அவர்தான் வருவார். ஆக, ஒரு குடும்பம் ஃபோட்டோ எடுத்துச் சுவரில் மாட்டுகிற நாளிலெல்லாம் ஐயர் நடுவில் நிற்பார். ஃபோட்டோ எடுக்காத நாளுக்கெல்லாம் உபதேசியார், அதாவது குருப்பட்டம் இல்லாத சபை ஊழியர். மணி அடிப்பவர், சாயங்கால ஜெபம் நடத்துகிறவர், ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக் கொடுப்பவர், காய்ச்சல்காரர் தலைமாட்டில் போய் நிற்பவர் அவர். எங்கள் ஊர் உபதேசியார் வாங்கிய சம்பளம் ஒரு கொத்தனார் கூலிக்குக்கூட எட்டவில்லை.

என் அப்பா இறந்தது நள்ளிரவு தாண்டி. தகவல் சொன்ன பத்தாவது நிமிஷம் முடுக்கில் டார்ச் வெளிச்சம் தெரிந்தது. உபதேசியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். அப்பாவின் கண்ணைத் தன் உள்ளங்கையால் மூடினார். ஒரு துண்டைக் கிழித்துத் தாடையைச் சேர்த்துக் கட்டினார். கால் பெருவிரல் இரண்டையும் கட்டினார். அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தொண்ணூறாம் சங்கீதத்தை வாசித்தார். விடியும்வரை எழுந்து போகவில்லை. மறுநாள் சாயங்காலம் ஐயர் வந்து நல்லடக்க ஆராதனையை நடத்தினார், நன்றாகவே நடத்தினார். நன்றி சொல்ல எழுந்த நான் ஐயரைச் சொன்னேன், உறவினர்களைச் சொன்னேன், பந்தல்காரரைக்கூடச் சொன்னேன். உபதேசியாரைச் சொல்லவில்லை. அப்போது அவர் கல்லறைத் தோட்டத்தில் மண்வெட்டிகளைத் திருப்பி எண்ணிக்கொண்டிருந்தார். அது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

நம் சபை யாரால் வளர்ந்தது என்று பார்த்தால் இந்த உறுத்தல் இன்னும் கூடும். 1733-இல் தரங்கம்பாடியில் ஆரோன் குருப்பட்டம் பெற்றார். புராட்டஸ்டன்ட் சபையில் குருவான முதல் இந்தியர். அதற்கு முன் அவர் உபதேசியார். 1790-இல் குருவான சத்தியநாதன், அதற்கு முன் பாளையங்கோட்டையில் உபதேசியாராக உழைத்தவர். இன்று மஸ்கோத் அல்வாவுக்குப் பேர்போன முதலூர், 1799-இல் கிறிஸ்தவர்களுக்கென்று தனியாக உருவான குடியிருப்பு. அதை உருவாக்கிய தாவீது சுந்தரானந்தமும் உபதேசியார்தான்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். வெள்ளாளன்விளையில் ஒரு கிராமத்து ஐயரின் மகனாகப் பிறந்த அசரியா, 1912-இல் கல்கத்தாவில் பேராயராக, அதாவது பிஷப்பாக, அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையில் பேராயரான முதல் இந்தியர் அவர். தெலுங்கு நாட்டில், தோர்ணக்கல்லில், கிராமத்து உபாத்தியாயர்களை வைத்தே ஊர் ஊராகச் சபையைக் கட்டினார். ஞானஸ்நானம் பெறுகிறவர்களைத் தங்கள் கையைத் தங்கள் தலைமேலேயே வைத்து, சுவிசேஷத்தைச் சொல்லாவிட்டால் எனக்கு ஐயோ என்று சொல்லச் செய்வார். குருப்பட்டத்தில் தலைமேல் விழுவது பேராயரின் கை. இங்கே தலைமேல் இருப்பது கூலிவேலை செய்து காய்த்துப்போன அவரவர் கை. பெரிய பதவியில் இருந்த ஒருவர் ஊழியத்தை இப்படிப் பங்கு வைத்தாரே என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

இப்போது சில மேடைகளில் நடப்பது அதற்கு நேர்மாறு. எங்கே படித்தார் என்று யாருக்கும் தெரியாத டாக்டர் பட்டம், வாசலில் பூ தூவி வரவேற்பு, ஊழியருக்குக் கொடுத்தால்தான் வீட்டில் ஆசீர்வாதம் தங்கும் என்ற பயமுறுத்தல். கடன் வாங்கிக் காணிக்கை போட்ட ஒரு பீடித்தொழிலாளி அம்மாவை நான் அறிவேன். அந்தப் பணத்தில் எடுக்கிற மரியாதைக்கு யாரும் பாத்திரர் இல்லை. இதை நான் கோபத்தோடுதான் சொல்கிறேன்.

அந்த வெள்ளிவிழா மேடையிலும் உபதேசியார் ஒருவர் பெயரும் சொல்லப்படவில்லை. 25 ஆண்டில் அந்த ஐயர் வேலை பார்த்த ஒவ்வொரு சேகரத்திலும் அவருக்கு முன்னே போய்க் கதவு திறந்தவர்கள் எத்தனை பேர்! மைக் ஐயர் கையில்தானே இருக்கிறது. அவர் நினைத்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடலாம். சேகரக் கமிட்டி நினைத்தால் ஃபிளெக்ஸ் செலவில் ஒரு ஓய்வுபெற்ற ஊழியருக்குக் கண் ஆபரேஷன் செய்துவிடலாம்.

விழா முடிந்த மறுவாரம் எங்கள் பழைய உபதேசியாரைத் தேடிப் போனேன். மகள் வீட்டில் இருக்கிறார், வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அப்பா காரியத்தன்று உங்களை நான் சொல்லாமல் விட்டுவிட்டேன் அண்ணாச்சி என்றேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. "நம்ம ஐயரு எப்படி இருக்காவ? பாவம், அவியளுக்கு ராத்திரி தூக்கமே கிடையாதுல்லா" என்றார். பிறகு ட்ரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு நீள நோட்டை எடுத்தார். அவர் போய் உட்கார்ந்த சாவு வீடுகள் எல்லாம் அதில் தேதிவாரியாக இருந்தன. அப்பா பெயருக்கு எதிரே: இரவு 2.10, சங்கீதம் 90, வீட்டம்மாவுக்கு மூட்டுவலி, தரையில் உட்காரக் கூடாது.

நோட்டை மூடிவிட்டு, "அம்மைக்கு மூட்டு இப்பத் தேவலையா?" என்று கேட்டார்.

வணக்கம்.