ஃபிங்கர் மெஷினுக்குள் இருக்கிற அறிக்கை

அடுத்த கேள்வி ஏறாவூரிலிருந்து ஒரு சகோதரர் அனுப்பியது. அறுபது பேர் வேலை செய்கிற தையல் தொழிற்சாலை. உடுப்பு வாங்குகிற வெளிநாட்டு பையர் சமூகப் பொறுப்பு அறிக்கை கேட்கிறாராம். "பள்ளிப் பிள்ளைகளுக்கு கொப்பி கொடுத்த படம், இரத்ததான முகாம் படம் இருக்கு. ஊழியர் பற்றிய தரவும் வேணுமாம். அதை எங்கே எடுக்கிறது?" என்று கேட்கிறார்.

வாசலில் விரல் வைத்து வரவு பதிகிற ஃபிங்கர் மெஷின் இருக்கிறதுதானே? அங்கேதான் எடுக்க வேண்டும். படங்களைக் கடைசிப் பக்கத்தில் போடுங்கள். பையர் முதலில் பார்ப்பது உங்கள் ஆட்களை நீங்கள் எப்படி வைத்திருக்கிறீர்கள் என்பதைத்தான்.

இப்படியான அறிக்கையில் என்னென்ன எழுத வேண்டும் என்று சொல்கிற ஜி.ஆர்.ஐ. என்ற தரநிலை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் 401 வேலைவாய்ப்பு, 403 பாதுகாப்பு, 404 பயிற்சி. இந்த மூன்றோடு தொடங்குங்கள், போதும்.

401இல் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் விலகினார்கள் என்று வயது, பால், பிரதேசம் வாரியாகக் கேட்பார்கள். அறுபது பேரில் வருடத்துக்குப் பதினெட்டுப் பேர் விலகினால் 30 வீதம். சரி, கணக்கு வந்துவிட்டது. ஆனால் ஏன் போனார்கள்? நான் பார்த்த ஓரிடத்தில், சேர்ந்து மூன்று மாதத்துக்குள்ளேயே பிள்ளைகள் நின்றுவிடுவார்கள். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை" என்று முதலாளி சொல்லிக்கொண்டிருந்தார். எக்செல்லில் 'ஊர்' என்று ஒரு வரிசை கூடச் சேர்த்துப் பார்த்தோம். போனவர்களில் பாதிக்கு மேல் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரைப் பிள்ளைகள். ஓவர்டைம் முடியும்போது கடைசி பஸ் போய்விடுகிறது! வேலை முடிகிற நேரத்தை அரை மணித்தியாலம் முன்னுக்குக் கொண்டுவந்தார்கள், விலகுவது குறைந்தது. அறிக்கையில் எழுத வேண்டியதும் அதுதான்.

அதே பதிவில் வைகாசி மாதத்தைப் பாருங்கள். கண்ணகி அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்கு வாரத்தில் வரவு சரியும். அறுவடைக் காலத்திலும் அப்படித்தான். வருடா வருடம் வருகிற விஷயத்துக்குத் திடீரென்று ஆள் தேடி ஓடுவானேன்? ஓடரை அதற்கேற்பப் பிரித்துக்கொள்ளலாம்.

403க்கு வருவோம். 'விபத்து பூச்சியம்' என்று எழுதாதீர்கள், யாரும் நம்பமாட்டார்கள். விரலில் ஊசி ஏறும், துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி மெஷினில் உட்காருவார்கள், இடாப்பில் ஒன்றும் இருக்காது. சின்னக் காயத்தையும் எழுதி வையுங்கள். அறிக்கைக் கணக்கில் சேர்வது முதலுதவியோடு முடியாமல் மருத்துவச் சிகிச்சை வரை போனவை. அவற்றை 2,00,000 ஆல் பெருக்கி, எல்லோரும் வேலை செய்த மொத்த மணித்தியாலத்தால் வகுக்க வேண்டும். நூறு பேர், வாரம் 40 மணி, வருடம் 50 வாரம் என்பதுதான் அந்த இரண்டு இலட்சம். உங்கள் அறுபது பேர் வாரம் 45 மணிப்படி 1,35,000 மணித்தியாலம் வேலை செய்து மூன்று காயம் என்றால், 4.4 வரும்.

பயிற்சிக்கு ஒரு கொப்பி போட்டு, யாருக்கு எத்தனை மணி என்று எழுதினால் சரி.

இனி ஒரு கசப்பான விஷயம். மெஷினில் அறுபது விரல், மாதாமாதம் ஊழியர் சேமலாப நிதிக்குப் போகிற சி படிவத்தில் நாற்பத்தைந்து பெயர் என்றால், கணக்காய்வுக்கு வருகிறவர் அதைத்தான் முதலில் பிடிப்பார். சம்பளத்தில் ஊழியரின் 8 வீதம், உங்கள் 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், இவை எல்லோருக்கும் போக வேண்டும். 'பயிற்சிக்கு வந்தவர்', 'தற்காலிகம்' என்ற சாட்டு எடுபடாது.

கைரேகை தனிப்பட்ட தரவு என்பதையும் மறக்காதீர்கள். இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதை விசேட வகையில் வைத்திருக்கிறது. அறிக்கையில் எண்ணிக்கை போகட்டும், பெயர் போகக் கூடாது.

சொஃப்ட்வெயார் இப்போது வேண்டாம். போன மூன்று மாதப் பதிவை மெஷினிலிருந்து இறக்கி, சி படிவத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடிக்கிற இடத்தை எழுதி அனுப்பினால் அடுத்த வாரம் அதையே எடுத்துப் பேசலாம்.