மார்கழியில் வீடு பார்க்க ஒரு பார்ட்டி இரண்டாவது தடவை வந்திருக்கிறது!

வணக்கம், எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? இன்றைக்குச் செடி வீடியோ கிடையாது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கற்றாழைக்கு மண் மாற்றுவதை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். எனக்கு இப்போது இருப்புக் கொள்ளவில்லை. வீடு பார்க்க வந்த ஒரு குடும்பம் இந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது தடவையாக வந்தது! அதுவும் மார்கழியில்! வீடு விற்றுப் பார்த்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். முதல் தடவை யார் வேண்டுமானாலும் வருவார்கள், சும்மா பொழுதுபோகாமல்கூட வருவார்கள். இரண்டாவது தடவை வருகிறவர்கள் ராத்திரி படுக்கும்போது இந்த வீட்டைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

புதிதாகப் பார்ப்பவர்களுக்கு மட்டும் ஒரு வரி. நாங்கள் சென்னை மேடவாக்கம் வீட்டைக் கொடுத்துவிட்டு, கும்பகோணத்தில் அம்மாவுக்குப் பக்கத்திலேயே வீடு வாங்கிப் போகிறோம். அதைப் பற்றி ஏற்கெனவே பேசியாகிவிட்டது, மறுபடி ஆரம்பித்தால் அழுதுவிடுவேன், வேண்டாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆனி கடைசியில் விளம்பரம் போட்டோம். உடனே புரோக்கர் சொன்னார், "ஆடி வருது மேடம், யாரும் வரமாட்டாங்க, ஆவணியில் பாருங்க." ஆவணியில் ஒருசிலர் வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். அப்புறம் புரட்டாசி, புரட்டாசியில் வீடு பேசமாட்டார்களாம். ஐப்பசியில் தீபாவளிச் செலவு. கார்த்திகையில் மழை. இப்போது மார்கழி, "தை பிறக்கட்டும் மேடம்." ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு காரணம் தயாராக இருக்கிறது! வருடத்தில் வீடு விற்கிற மாதம்தான் எது, அதையாவது சொல்லுங்கள் என்று கேட்டேன். சிரித்துவிட்டுப் போனை வைத்துவிட்டார். எனக்கு அந்தச் சிரிப்பு கொஞ்சமும் பிடிக்கவில்லை.

நடுவில் போன் அடிக்காமல் கிடந்த வாரங்கள் இருக்கின்றனவே, அது ஒரு தனிக் கஷ்டம். வீட்டை எப்போதும் யாரோ வரப்போவது மாதிரியே வைத்திருக்க வேண்டும். கொடியில் துணி கிடக்கக் கூடாது, சிங்க்கில் ஒரு தம்ளர் கிடக்கக் கூடாது. மீன் வறுப்பதையே நிறுத்திவிட்டேன், என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய தியாகம் என்று புரியும். அப்படித் துடைத்து வைத்துவிட்டு உட்கார்ந்தால் யாரும் வரமாட்டார்கள். போன் வந்தாலும் எடுத்தவுடன் ஒரே கேள்வி, "லாஸ்ட் பிரைஸ் என்ன?" எந்த மாடி என்று கேட்கவில்லை, யூடிஎஸ், அதாவது மனையில் நம் பங்கு, எவ்வளவு என்று கேட்கவில்லை, வீட்டைக் கண்ணால் பார்க்கவில்லை, கடைசி விலை மட்டும் வேண்டும். இந்தக் கேள்வி எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. வந்து குழாயைத் திறந்து பாருங்கள், ஜன்னலைத் திறந்து பாருங்கள், அப்புறம் பேசலாம் என்று சொன்னால் லைனைக் கட் செய்துவிடுகிறார்கள்.

இப்போது ஒரு முக்கியமான விஷயம், கவனமாகக் கேளுங்கள், வீடு விற்கிற எல்லாருக்கும் இது உதவும். புரோக்கர் எங்கள் வீட்டுக்கு 71 லட்சம் என்று போட்டிருந்தார். பேரம் பேசுவார்கள், இறங்கி 69க்கு வந்து நிற்கலாம் என்பது அவர் கணக்கு. போன வீடியோவுக்குக் கீழே ஒரு தங்கை எழுதியிருந்தார், "அக்கா, விலையை 70க்குக் கீழே போட்டுப் பாருங்கள், இல்லையென்றால் தேடும்போது உங்கள் வீடு வராது." எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் எங்கள் வீட்டுக்காரர் போனை வாங்கி, வாங்குகிறவர் மாதிரியே நானும் தேடிப் பார்த்தேன். பட்ஜெட் என்று ஒரு இடம் இருக்கிறது, 60, 65, 70 என்று ஐந்து ஐந்தாகப் போகிறது. 70 வரை என்று தட்டினேன். எங்கள் வீடு இல்லை! மேடவாக்கத்தில் இருக்கிற வீடெல்லாம் வருகிறது, எதிர்த்தெரு வீடுகூட வருகிறது, அதற்கு லிஃப்ட்கூடக் கிடையாது, எங்கள் வீடு மட்டும் இல்லை. 75 என்று மாற்றினால் இருக்கிறது, ஆனால் அங்கே பக்கத்திலேயே ஐந்து வருடம்கூட ஆகாத புதுக் கட்டடங்கள் வந்து நிற்கின்றன. அவற்றுக்கு நடுவில் 2010ல் கட்டிய வீட்டை யார் பார்ப்பார்கள்?

அன்றைக்கே 69.9 என்று மாற்றச் சொன்னேன். புரோக்கர் "ஒரு லட்சம் போகுது மேடம்" என்று இழுத்தார். எப்படியும் 69க்கு இறங்கத் தயாராக இருந்த விலைதானே, இதில் என்ன போகிறது? மாற்றினோம். அதே சாயங்காலம் தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருக்கும்போது போன் வந்தது, கையைத் துடைக்காமலே எடுத்தேன். மாடி எது, கார் பார்க்கிங் கவர்டா, தண்ணீர் போரா லாரியா என்று வரிசையாகக் கேட்டார்கள். எனக்கு ஒரு கேள்விக்குக்கூட அலுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்த குடும்பமும் அந்த வாரம் போன் செய்தவர்கள்தான். அந்தத் தங்கைக்கு நான் ஒரு செம்பருத்திக் கன்று கடமைப்பட்டிருக்கிறேன், முகவரி அனுப்புங்கள்.

ஆங், யூடிஎஸ் சொல்ல மறந்துவிட்டேன், நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். வீடு 1,090 சதுர அடி, பிரிக்கப்படாத மனைப் பங்கு 545. பழைய கட்டடத்தின் பலமே இதுதான். கட்டடம் பழசாகலாம், நிலம் பழசாகாது. சதுர அடிக்கு 6,400 ரூபாய் சொச்சம் வருகிறது. எங்கள் தெருமுனையில் எழும்பிக்கொண்டிருக்கிற புதுக் கட்டடத்தில் அதைவிட ஆயிரம் ரூபாயாவது கூடுதலாகக் கேட்கிறார்கள், பங்கோ எங்களைவிடக் குறைவு.

இங்கே ஒரு கணக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வருகிறவர்கள் பாதிப்பேர் இதைச் சொல்லித்தான் பின்வாங்குகிறார்கள். "புது வீடு வாங்கினால் பத்திரச் செலவு குறைவு மேடம்." உண்மைதான், 2023 டிசம்பரிலிருந்து பில்டரிடம் முதன்முதலாக வாங்கும் ஃபிளாட்டுக்கு 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை முத்திரைத் தீர்வை 5 சதவீதம், பதிவுக் கட்டணம் 2, ஆக 7. மறுவிற்பனை வீட்டுக்கு 7ம் 2ம் சேர்த்து 9. எங்கள் வீட்டுக்கு ஆறு லட்சத்து முப்பதாயிரம் பக்கம் ஆகும், எழுபது லட்சத்துப் புது வீட்டுக்கு நாலு லட்சத்துத் தொண்ணூறாயிரம். ஆனால் அந்தப் புது வீடு இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறது என்றால் 5 சதவீத ஜிஎஸ்டி மேலே ஏறும், அது மூன்றரை லட்சம். மொத்தம் எட்டு லட்சத்து நாற்பதாயிரம்! மறுவிற்பனை வீட்டுக்கு ஜிஎஸ்டியே கிடையாது. கட்டி முடித்துச் சான்றிதழ் வாங்கிய புது வீடு என்றால் ஜிஎஸ்டி இல்லை, அங்கே அவர்கள் பக்கம்தான் லாபம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பாதிக் கட்டடத்தைக் காட்டி எங்கள் வீட்டைவிடச் செலவு குறைவு என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி ஹாலில் வைத்திருக்கிறேன், வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்டுகிறேன்.

அப்புறம் சதுப்பு நிலம். எங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022லேயே ராம்சார் தளம், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம், ஆகிவிட்டது. 2025 செப்டம்பரில் பசுமைத் தீர்ப்பாயம், ஆய்வு முடிகிற வரை அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் புதிய கட்டுமானத்துக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்று சொன்னது. அதிலிருந்து இந்தப் பக்கம் வீடு என்றாலே ஆட்கள் தயங்குகிறார்கள். "உங்கள் கட்டடத்தை இடித்துவிடுவார்களா?" என்றுகூட ஒருவர் கேட்டார். அந்த உத்தரவு புது அனுமதிக்கு, நாங்கள் இருப்பது அனுமதி வாங்கிக் கட்டி முடித்த பழைய கட்டடம். இதனால் எனக்கு விற்பனை தள்ளிப்போகிறது, இருந்தாலும் சதுப்பு நிலத்தைக் காப்பாற்றியே ஆக வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மழைத் தண்ணீர் தேங்கி நிற்க அந்த இடம் இல்லையென்றால் அது எங்கள் தெருவுக்குத்தான் வரும்.

இந்த வெள்ளப் பேச்சிலிருந்துதான் இன்னொரு சண்டையும் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நான் போட்ட வீடியோ உங்களுக்கு ஞாபகம் இருக்கும், பால்கனியிலிருந்து எடுத்தது, தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், கீழே கார் பார்க்கிங்கில் தண்ணீர். புரோக்கர் அதைக் கண்டுபிடித்துவிட்டு, "மேடம், அந்த வீடியோவை எடுத்துடுங்க, பார்ட்டி பார்த்தா வியாபாரம் போச்சு" என்கிறார். எடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வாங்குகிறவர் இங்கேதானே பிள்ளைகளை வைத்துக்கொண்டு இருக்கப் போகிறார்? இரண்டாவது மாடிக்குத் தண்ணீர் வராது, தெருவுக்கு வரும், காரை முன்கூட்டியே வேறு இடத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு வாங்கட்டும். வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பதே "2015ல் தண்ணீர் வந்ததா?" என்பதுதான், நான் வந்தது என்றே சொல்கிறேன்.

கேளுங்கள், ஞாயிற்றுக்கிழமை வந்தவர் அந்த வீடியோவை ஏற்கெனவே முழுக்கப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்! தண்ணீர் எத்தனை நாளில் வடிந்தது, மோட்டார் எங்கே இருக்கிறது, மின்சார மீட்டர் பலகை எந்த உயரத்தில் இருக்கிறது என்று கேட்டார். மீட்டர் பலகையை 2015க்கு அப்புறம் அசோசியேஷனில் பணம் போட்டு மேலே ஏற்றினோம், கீழே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். எவ்வளவு நல்ல கேள்விகள்! அவருடைய அம்மாவையும் இந்தத் தடவை அழைத்து வந்திருந்தார்கள். அந்த அம்மா நேராக அடுக்களைக்குப் போய் ஜன்னலைத் திறந்து காற்று எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்தார், குழாயைத் திறந்து தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தார். மருமகள் பால்கனியில் நின்று, "இந்தக் கொடிக்கம்பியை விட்டுட்டுப் போவீங்களா ஆன்ட்டி?" என்று கேட்டாள். எனக்கு அப்படியே கொடுத்துவிடலாம் போல் இருந்தது. இதற்கு முன்னால் வந்த ஒருவர் பால்கனியை மூடி இன்னொரு அறை ஆக்கிவிடலாம் என்று என் செடிகளுக்கு நடுவில் நின்றே டேப் வைத்து அளந்தார், அவருக்கு விற்காமல் போனதில் எனக்குச் சந்தோஷம்தான்.

இல்லை இல்லை, அந்தப் பால்கனி மனிதர் விலையால் போகவில்லை, அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அவர் பத்திரத்தில் அரசு வைத்திருக்கிற வழிகாட்டி மதிப்பை மட்டும் போட்டுவிட்டு மீதியை ரொக்கமாகத் தருகிறேன் என்றார். நாங்கள் ஒத்துக்கொள்ளவே இல்லை. வீட்டு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் போடலாம். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அந்த ரொக்கத்தைக் கொண்டுபோய்க் கும்பகோணத்தில் நான் வெள்ளையில் வீடு வாங்க முடியுமா? புது வீட்டில் போட்டால் லாபத்துக்கு வரிவிலக்கு உண்டு, அதற்கும் எல்லாம் கணக்கில் வர வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வந்த குடும்பம் வங்கிக் கடன் போட்டு வாங்குகிறது. ரிசர்வ் வங்கி 2025ல் மட்டும் ரெப்போ விகிதத்தை, அதாவது வங்கிகளுக்குத் தான் கொடுக்கிற கடனின் வட்டியை, ஒன்றேகால் சதவீதம் குறைத்து, டிசம்பரில் 5.25க்குக் கொண்டுவந்துவிட்டது, அதனால் மாதத் தவணை கைக்குள் வருகிறது என்று அவரே சொன்னார். 50 லட்சத்துக்கு மேல் என்பதால் எங்களுக்குத் தரும் பணத்தில் 1 சதவீதத்தை டிடிஎஸ் என்று வரியாகப் பிடித்து அவரே கட்ட வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது, நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

பத்திர நகல், மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, வரி ரசீது எல்லாம் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்திருக்கிறேன், வக்கீலிடம் காட்டுவார்கள். வில்லங்கத்தில் ஒன்று கவனியுங்கள். கடனைக் கட்டி முடித்துவிட்டால் மட்டும் போதாது, வங்கியிடம் கடன் தீர்ந்தது என்ற ரசீது ஆவணம் வாங்கி அதையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். இல்லையென்றால் வில்லங்கச் சான்றில் அந்தக் கடன் அப்படியே நிற்கும், வாங்க வந்தவர் பயந்துவிடுவார். எங்களுடையதைப் போன வருடமே பதிந்துவிட்டோம், ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாளை எடுத்துக் காட்டும்போது எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது!

விலை இன்னும் பேசவில்லை. அவர் 67 என்று ஆரம்பிப்பார் என்று எங்கள் வீட்டுக்காரர் சொல்கிறார், நான் 69க்குக் கீழே இறங்குவதாக இல்லை. டோக்கன் அட்வான்ஸ் கை மாறும் வரை வேறு யார் வந்தாலும் வீட்டைக் காட்டுவேன் என்று அவர்களிடமே சொல்லிவிட்டேன், அவர்களும் சரி என்றார்கள். உங்களில் யாராவது இந்தப் பக்கம் சமீபத்தில் மறுவிற்பனை வீடு பதிவு செய்திருந்தால், சதுர அடி என்ன விலைக்கு முடிந்தது என்று கீழே எழுதுங்கள். புரோக்கர் சொல்கிற விலை வேண்டாம், பத்திரத்தில் போட்ட விலையைச் சொல்லுங்கள். கற்றாழை அடுத்த வாரம்.