சுண்டைக்காய்க்குச் சுமைகூலி யார் கொடுப்பது?

(காஞ்சிபுரம் மாவட்டத் தொண்டு நிறுவனங்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் ஓய்வுபெற்ற துணை ஆட்சியர் அவர்களே, ஒரகடத்திலிருந்தும் ஸ்ரீபெரும்புதூரிலிருந்தும் வேலை நாளென்றும் பாராமல் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும், சி.எஸ்.ஆர். எனப்படும் கம்பெனிச் சமூகப் பொறுப்பு நிதியைக் கவனிக்கும் மேலாளர்களே, வரவேற்புரையை ஐந்தே நிமிடத்தில் முடித்துப் புண்ணியம் கட்டிக்கொண்ட செயலாளர் அவர்களே, இந்த மாவட்டத்தில் பாதிச் சங்கங்களின் கணக்கைத் தன் தலையில் சுமக்கும் ஆடிட்டர் ஐயா அவர்களே, மகளிர் குழுச் சகோதரிகளே, பின்வரிசையில் நின்றுகொண்டிருக்கும் களப்பணியாளத் தம்பிகளே, அனைவருக்கும் வணக்கம். ஆட்சியர் அவர்களின் வாழ்த்துச் செய்தியை மறுபடி படிக்கச் சொல்லி ஒரு சீட்டு வந்திருக்கிறது. நன்றியுரையின்போது படிக்கலாம் என்று தலைவர் கண்ணைக் காட்டுகிறார். நல்லது.

'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்று ஒரு பழமொழி. நிதி விண்ணப்பம் என்ற விஷயத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது. இன்றைக்கு ஐந்து விஷயம் பேச நினைத்திருக்கிறேன். விண்ணப்பிக்க ஆகும் செலவு, கேட்கப்படும் தாள்கள், கொடுக்கப்படும் கால அவகாசம், நிர்வாகச் செலவு, மதிப்பெண் போடும் முறை.

முதலில் செலவு. ஒரு கணக்கு போடுவோம். ஒரு நிறுவனம் மூன்று சங்கங்களுக்குத் தலா 2 லட்சம் தருவதாக அறிவிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 6 லட்சம். 120 சங்கங்கள் விண்ணப்பிக்கின்றன. திட்டம் எழுத, பட்ஜெட் போட, தாள்களை ஸ்கேன் செய்து ஏற்ற, ஆடிட்டர் அலுவலகத்துக்கு இரண்டு நடை நடக்க, சங்கம் ஒன்றுக்கு 35 மணி நேரம். மாதம் 30,000 ரூபாய் சம்பளம் வாங்குகிறவருடைய ஒரு மணி நேரம் ஏறத்தாழ 150 ரூபாய். 120 சங்கம், 35 மணி, 150 ரூபாய். பெருக்கினால் 6,30,000. கொடுத்தது 6 லட்சம், அதைக் கேட்பதற்கே செலவானது 6.30 லட்சம்! பெருந்தன்மையாக ஒரு தொகையை அறிவித்தார்கள், தொண்டு உலகம் மொத்தத்தில் முப்பதாயிரம் நஷ்டப்பட்டது. பழமொழியில் சுமைகூலி முக்கால் பணத்தோடு நின்றது. இங்கே முழுப் பணத்தையும் தாண்டிவிட்டது.

பரிகாரம் கஷ்டமில்லை. முதல் கட்டத்தில் ஒரே வரியில் பதில் சொல்லும் ஐந்து கேள்விகள்: எந்த ஒன்றியம், என்ன வேலை, எத்தனை ஆண்டு, வருமான வரிச் சலுகைக்கான 12ஏபி, 80ஜி பதிவுகள் இருக்கிறதா, சி.எஸ்.ஆர். நிதி வாங்கப் பதிவு செய்த சி.எஸ்.ஆர்.-1 எண் இருக்கிறதா. பத்து நிமிடத்தில் தகுதி இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துபோகும். இரண்டாம் கட்டத்தில் இரண்டு பக்கக் கருத்துரு. அதில் தேறுகிறவர்களில், கொடுக்கப்போகிற எண்ணிக்கையைப் போல மூன்று மடங்கு பேரிடம் மட்டும் முழு விண்ணப்பம் கேட்க வேண்டும். மூன்று பேருக்குக் கொடுப்பதென்றால் ஒன்பது முழு விண்ணப்பம் போதும், 120 எதற்கு? தொகையை ஒட்டிப் பக்கத்தைக் குறைக்கலாம். ஒரு லட்சத்துக்கும் ஒரு கோடிக்கும் ஒரே படிவத்தை நீட்டுவது மேஜையில் இருக்கிறவருக்குத்தான் வசதி.

இரண்டாவது தாள்கள். பத்திர நகல், பான், மூன்றாண்டுத் தணிக்கை அறிக்கை, வருமான வரிக் கணக்கு, அரசின் தொண்டு நிறுவனத் தளமான தர்ப்பணில் வாங்கிய எண், நிர்வாகக் குழுத் தீர்மானம், ரத்து செய்த காசோலை. பாதி அரசு இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளக் கூடியது. தேர்வான பிறகு கேட்டால் தேர்வானவர் மட்டும் அலைவார். முதல் நாளே கேட்டால் 120 பேரும் அலைய வேண்டும். இதில் நம் ஊருக்கே உரிய ஒரு வில்லங்கம் உண்டு. பத்திரத்தில் பெயர் தமிழில், 'அறக்கட்டளை' என்று. பான் அட்டையில் அதையே ஆங்கில எழுத்தில் எழுதும்போது 'கே' ஒன்றா இரண்டா, 'டி' ஒன்றா இரண்டா? பான் அட்டையில் ஒருவிதம், வங்கியில் ஒருவிதம், தர்ப்பணில் இன்னொருவிதம். 'பெயர் பொருந்தவில்லை' என்று இணையதளம் தள்ளிவிடும். இங்கே வந்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பான் அட்டையில் உள்ள எழுத்தமைப்பையே தாய் எழுத்தமைப்பாக வைத்துக்கொண்டு வங்கி, தர்ப்பண், சி.எஸ்.ஆர்.-1 மூன்றையும் அதற்கு ஒத்துப்போக வையுங்கள். பானையே திருத்தலாம் என்று கிளம்பினால் 12ஏபி, 80ஜி ஆணைகளும் பின்னாலேயே வரிசை கட்டும்.

பெயர் என்றதும் மொழி வந்துவிட்டது. மொழி என் ஐந்தில் இல்லைதான். ஆனாலும் கேளுங்கள்.

கம்பெனிச் சட்டம் 2013, பிரிவு 135. ஆண்டு நிகர லாபம் 5 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர மதிப்பு 500 கோடி, இதில் ஏதாவது ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தை சி.எஸ்.ஆர். பணிக்குச் செலவழிக்க வேண்டும். தான் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. வட்டாரம் என்றால் எது? ஆலைச் சுவருக்கு வெளியே இருக்கும் ஊர்தானே. அந்த ஊரில் சங்கக் கூட்டம் தமிழில் நடக்கிறது, தீர்மானப் புத்தகம் தமிழில் இருக்கிறது, துணைவிதிகள் தமிழில் பதிவாகியிருக்கின்றன. விண்ணப்பம் மட்டும் ஆங்கிலத்தில்! வட்டாரத்துக்கு முன்னுரிமை, வட்டார மொழிக்கு வாசலில்கூட இடமில்லை.

உத்திரமேரூர் இங்கிருந்து ஒரு பஸ் தூரம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919-லும் 921-லும் வெட்டியவை. குடவோலை, குடவோலை என்று எல்லா மேடையிலும் சொல்கிறோம். உண்மையில் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு தடவை நிதானமாகப் பார்ப்போம். ஊரை முப்பது குடும்புகளாக, அதாவது வார்டுகளாகப் பிரித்தார்கள். சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்று வாரியங்கள், அதாவது ஊர் நிர்வாகக் குழுக்கள். உறுப்பினராக விரும்புகிறவனுக்குத் தகுதி: வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் (வேலி என்பது பழைய நில அளவு), சொந்த மனையில் வீடு, வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் வரக்கூடாது. அவன் மட்டுமா? அவன் சொந்தபந்தமும் வரக்கூடாது! (கைதட்டல்) ஆடிட்டர் ஐயா சிரிக்கிறார். கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவனும் வரக்கூடாது. அங்கே மூன்றாண்டு இருந்தவன் வெளியே, இங்கே சி.எஸ்.ஆர். விதியில் மூன்றாண்டு அனுபவம் இருந்தால்தான் உள்ளே. பல கம்பெனிகள் அதையும் ஐந்தாக்கி வைத்திருப்பது தனிக் கதை.

தகுதியுள்ளவர் பெயரை ஓலை நறுக்கில் எழுதி, குடும்புவாரியாகக் கட்டி, குடத்தில் போட்டார்கள். சிறியவர் பெரியவர் எல்லோரும் அடங்கிய மகாசபை கூடியிருக்கிறது. நம்பிமாரில், அதாவது கோயில் பூசாரிகளில் மூத்தவர் எழுந்து, எல்லோரும் காணும்படி குடத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு பாலகன் ஓர் ஓலைக் கட்டு எடுக்க வேண்டும். அதைப் பிரித்து வேறொரு குடத்தில் போட்டுக் குலைக்க வேண்டும். அதிலிருந்து அதே பாலகன் ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தர் கையில் தர வேண்டும். மத்தியஸ்தர் எப்படி வாங்க வேண்டும்? ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில்! விரலிடுக்கில் இன்னொரு ஓலையை ஒளித்து வைத்திருப்பார் என்று அன்றைக்கே சந்தேகப்பட்டிருக்கிறார்கள் போலும். (சிரிப்பு) அவர் வாசித்த பெயரை அங்குள்ள நம்பிமார் எல்லோரும் திரும்ப வாசிக்க வேண்டும். அதன் பிறகே பெயர் ஏறும். இன்றைக்கு 'உங்கள் விண்ணப்பம் தேர்வாகவில்லை, முயற்சிக்கு நன்றி' என்று ஒரு வரி மின்னஞ்சல் வருகிறது. யார் வாசித்தார், எத்தனை மதிப்பெண் போட்டார் என்பது வாசித்தவருக்கே வெளிச்சம்.

தகுதி விதியை யாரும் பார்க்கும்படி கோயில் சுவரில் வெட்டி வைத்தார்களே, அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கல்வெட்டை முழுக்கப் படித்தால் வேறொன்றும் தெரியும். அது பிராமணர் ஊர். பெண்ணுக்கு இடமில்லை, நிலமில்லாதவனுக்கு இடமில்லை. நிலம் குறைவாக, அரைக்கால் வேலிதான் இருக்கிறதா? ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் கற்றிருந்தால் சேர்த்துக்கொள்ளலாம். ஓலை குடத்துக்குள் போன பிறகு நடந்தது நியாயம். குடத்துக்குள் யார் பெயர் போகலாம் என்பதில் கழிக்க வேண்டியவரையெல்லாம் முன்கூட்டியே கழித்தாயிற்று. இன்றைய படிவத்தில் கால் வேலி என்பது 'ஆண்டு வரவு ஒரு கோடிக்குக் குறையாமல்'. வேதம் எது என்று நான் சொல்ல வேண்டுமா? ஆங்கிலம். வரவு சற்றுக் குறைந்தாலும், அழகான ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்தால் அரைக்கால் வேலிக்காரரும் உள்ளே போய்விடுகிறார்.

அதனால்தான் விண்ணப்பம் எழுதிக் கொடுக்கவே ஒரு தொழில் முளைத்திருக்கிறது. பக்கத்துக்கு இவ்வளவு என்று முன்பணம் வாங்கிக்கொள்கிறார்கள். நிதி கிடைக்காவிட்டால் அந்தப் பணம் போனதுதான், எந்தக் கம்பெனியும் அதை ஈடுகட்டாது. இங்கேயும் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

'தமிழிலும் விண்ணப்பிக்கலாம்' என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் போதுமா? போதாது. எங்கே இடிக்கும் என்பதையும் சொல்கிறேன், மேலாளர்கள் குறித்துக்கொள்ளட்டும். பெட்டிக்கு 1,000 எழுத்து என்று வரம்பு வைப்பார்கள். 'தொண்டு' என்பது நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு, யூனிகோடு என்ற பொது எழுத்துக் குறியீட்டில், அது ஆறு. த ஒன்று, ஒகரக்குறி ஒன்று, ண ஒன்று, புள்ளி ஒன்று, ட ஒன்று, உகரக்குறி ஒன்று. மென்பொருள் எழுத்தை விட்டுவிட்டுப் பைட்டை எண்ணுவதாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், மொத்தம் பதினெட்டு. ஆங்கிலக்காரர் ஒரு பத்தி எழுதும் பெட்டியில் தமிழ்க்காரர் மூன்று வரியில் நின்றுவிடுவார். வரம்பைச் சொற்கணக்கில் வையுங்கள். 'படிக்கவைக்கப்படாதவர்களுக்காகவும்' என்பது நமக்கு ஒரே சொல்! சொற்கணக்கில் தமிழ் தோற்காது. அடுத்தது எழுத்துரு. பழைய பத்திரங்கள், அறிக்கைகள் பாமினியிலும் வானவில்லிலும் கிடக்கின்றன. அப்படியே வெட்டி ஒட்டினால் பெட்டியில் குப்பை விழும். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. சங்கங்கள் மாற்றிக்கொள்ளாதது நம் பக்கத்துத் தவறு, அதை மறைக்க வேண்டாம்.

அதைவிட முக்கியம், தமிழில் வந்ததை யார் படிப்பது என்பது. மும்பைத் தலைமை அலுவலகத்துக்கு இயந்திர மொழிபெயர்ப்பில் அனுப்பினால் 'ஏரிக்கரை மடை' என்ன ஆகுமோ தெரியாது. தமிழ் தெரிந்த இருவர் தனித்தனியே மதிப்பெண் போட வேண்டும், இருவருக்கும் வித்தியாசம் அதிகமானால் மூன்றாமவரிடம் போக வேண்டும். மேல்மட்டக் குழுவுக்கு ஆங்கிலச் சுருக்கம் வேண்டுமென்றால் மொழிபெயர்ப்புச் செலவு நிதி கொடுப்பவருடையது. சுமைகூலி சுண்டைக்காய் வாங்குகிறவர் தலையில்தான் விழ வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

நேரம் குறைவு என்று மணி அடித்துவிட்டார்கள். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது பாக்கி. கால அவகாசம் பற்றி ஒன்றே ஒன்று. பிப்ரவரியில் அறிவித்துப் பத்து நாளில் அனுப்பச் சொல்கிறார்கள், கேட்டால் மார்ச் 31 என்கிறார்கள். பல ஆண்டுத் திட்டமாக வகுத்திருந்தால், செலவாகாத தொகையை ஆண்டு முடிந்த 30 நாளுக்குள் தனி வங்கிக் கணக்கில் போட்டு மூன்று நிதியாண்டுகளுக்குள் செலவழிக்கச் சட்டமே வழி விட்டிருக்கிறது. பத்து நாள் அவசரம் அலுவலகப் பழக்கம்.

நிர்வாகச் செலவு பெரிய சமாச்சாரம், தனிக் கூட்டமே போடலாம். 5 சதவீத உச்சவரம்பு என்பது கம்பெனி தன் சொந்த சி.எஸ்.ஆர். அலுவலகத்தை நடத்தும் செலவுக்கு. சங்கத்தின் செலவு அதில் வராது என்று கம்பெனி விவகார அமைச்சகம் 2021 ஆகஸ்ட் சுற்றறிக்கையில் தெளிவாகவே சொல்லிவிட்டது. அப்படியிருந்தும் 'உங்களுக்கு ஐந்து சதவீதம்தான்' என்று நம்மிடம் சொல்கிறார்கள். அடுத்த முறை அப்படிச் சொன்னால் அந்தச் சுற்றறிக்கையைக் கேளுங்கள், எண் 14/2021. மரியாதையாகவே கேளுங்கள்.

மதிப்பெண் முறைக்கு நேரமே இல்லை. நியூசிலாந்தின் சுகாதார ஆராய்ச்சி கவுன்சில் 2013-ல் ஒரு வகை நிதிக்குத் தகுதியுள்ளவர்களைப் பிரித்துவிட்டுச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுக்கத் தொடங்கியது. நம் குடத்தை அங்கே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

வாசலில் மேஜை போட்டிருக்கிறோம். தமிழில் விண்ணப்பம் ஏற்கக் கோரும் மனு அங்கே இருக்கிறது. இரண்டு பக்கம்தான். கோரிக்கை மூன்று: சொற்கணக்கில் வரம்பு, தமிழ் படிக்கும் இரண்டு மதிப்பீட்டாளர்கள், மொழிபெயர்ப்புச் செலவு கொடுப்பவருடையது. கையெழுத்துக்குப் பக்கத்தில் சங்கத்தின் பதிவு எண்ணை மட்டும் எழுதுங்கள், நகல் எதுவும் இணைக்க வேண்டாம். முன்வரிசையில் இருக்கும் மேலாளர்களும் போடலாம், பேனா மேஜையிலேயே கட்டித் தொங்குகிறது. ஆட்சியர் அவர்களின் வாழ்த்துச் செய்தியைச் செயலாளர் இப்போது படிப்பார். வணக்கம்.