மாற்கு சுவிசேஷம் எந்த வசனத்தில் முடிகிறது?

[திரையில்: விடியற்காலை, பாறையில் வெட்டப்பட்ட கல்லறை]

வணக்கம். வாரத்தின் முதல் நாள், சூரியன் உதிக்கிற வேளை. மகதலேனா மரியாள், யாக்கோபின் தாயாகிய மரியாள், சலோமே என்ற மூன்று பெண்கள் இயேசுவின் உடலுக்குப் பூசுவதற்காகக் கந்தவர்க்கங்களுடன் கல்லறைக்குச் செல்கிறார்கள். கல்லை யார் புரட்டித் தருவார் என்று கவலைப்பட்டுக்கொண்டே போனவர்கள், கல் ஏற்கெனவே புரட்டப்பட்டிருப்பதைக் காண்கிறார்கள். உள்ளே வெள்ளங்கி தரித்த வாலிபன் ஒருவன், இயேசு உயிர்த்தெழுந்தார் என்றும், சீஷருக்கும் பேதுருவுக்கும் இதைச் சொல்லுங்கள் என்றும், கலிலேயாவில் அவரைக் காண்பீர்கள் என்றும் கூறுகிறான். பெண்கள் நடுங்கி ஓடுகிறார்கள். பயந்திருந்தபடியால் அவர்கள் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை என்று 16-ஆம் அதிகாரத்தின் 8-ஆம் வசனம் கூறுகிறது.

நம்மில் பலர் வீட்டில் வைத்திருக்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இதற்குப் பின் இன்னும் 12 வசனங்கள் எந்தத் தடையுமின்றித் தொடர்கின்றன. புதிய மொழிபெயர்ப்புகள் பலவோ அந்த 12 வசனங்களை அடைப்புக்குறிக்குள் வைத்து, மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் இவை இல்லை என்று அடிக்குறிப்பு எழுதுகின்றன. முதன்முறையாக அந்த அடிக்குறிப்பைக் கண்டு மனம் கலங்கியவர்களுக்காகவே இந்த வீடியோவைத் தயாரித்திருக்கிறேன்.

[திரையில்: வத்திக்கான் பிரதியின் ஒரு பக்கம், வெறுமையாக விடப்பட்ட மூன்றாம் பத்தி]

கிரேக்க வேதாகமத்தின் மிகப் பழைய பெரும் பிரதிகள் இரண்டும் 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஒன்று வத்திக்கான் நூலகத்தில் உள்ளது. மற்றொன்று சினாய் மலையடிவாரத்திலுள்ள புனித கத்தரீனா மடத்திலிருந்து வந்தது. அதன் புதிய ஏற்பாட்டுப் பகுதியை ஜெர்மானிய அறிஞர் டிஷெண்டோர்ஃப் 1859-இல் அங்கே கண்டார், 1933-இல் சோவியத் அரசிடமிருந்து 1,00,000 பவுண்டுக்கு வாங்கப்பட்டு இன்று அதன் பெரும்பகுதி லண்டனில் இருக்கிறது. இரண்டிலும் மாற்கு 8-ஆம் வசனத்தோடு முடிந்துவிடுகிறது. வத்திக்கான் பிரதியில் ஒரு விசேஷம் உண்டு: பக்கத்துக்கு மூன்று பத்திகளாக எழுதிச் சென்றவர், மாற்கு முடிந்ததும் அடுத்த பத்தியில் லூக்காவைத் தொடங்காமல், அந்தப் பத்தி முழுவதையும் வெறுமையாக விட்டுவிட்டார். அந்தப் பிரதியின் புதிய ஏற்பாட்டில் இப்படிப்பட்ட வெற்றுப் பத்தி இது ஒன்றே. மேலும் சில வசனங்கள் வழக்கில் இருப்பதை அறிந்தே அவர் இடம் விட்டார் என்று சிலர் கருதுகிறார்கள். அது ஊகம்தான் என்றாலும், அந்த வெற்றிடத்தைப் படத்தில் பார்க்கும்போதெல்லாம் தயங்கி நின்ற ஒரு கையை நான் நினைத்துக்கொள்கிறேன்.

இந்தச் சிக்கலை நவீன காலத்தின் அவநம்பிக்கை கண்டுபிடித்தது என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. 4-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், பாலஸ்தீனத்தின் செசரியா நகரில் ஆயராக இருந்த யூசேபியஸிடம் மரினு என்பவர் ஒரு கேள்வி கேட்டார். இயேசு ஓய்வுநாள் முடியும் வேளையில் எழுந்ததாக மத்தேயுவிலிருந்து தோன்றுகிறது, ஆனால் மாற்கு 16:9-இன்படி அதிகாலையில் எழுந்தார். இவை இரண்டும் எப்படிப் பொருந்தும்? யூசேபியஸ் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. இரண்டு வழிகளில் விடை கூறலாம் என்றார். துல்லியமான பிரதிகளில் மாற்கு 8-ஆம் வசனத்தோடு முடிவதால், அதன் பின்னுள்ளதை வைத்து முரண்பாடு பேச வேண்டியதில்லை என்பது ஒரு வழி. சுவிசேஷங்களில் எழுதப்பட்ட எதையும் தள்ளத் துணியாதவர்களுக்கு மற்றொரு வழி: 'அதிகாலையில்' என்ற சொல்லை உயிர்த்தெழுதலோடு சேர்க்காமல், மரியாளுக்குத் தரிசனமானதோடு சேர்த்து, இடையில் சற்று நிறுத்தி வாசிக்க வேண்டும். பின்னாளில், வேதாகமத்தை லத்தீனில் தந்த அறிஞர் ஜெரோமும் ஏறத்தாழ இதே விடையைத் தந்தார். ஆயினும் லத்தீன் வேதாகமத்தில் அந்த வசனங்களை அவர் நீக்கவில்லை. கேள்வி கேட்ட விசுவாசியும், இரு வழிகளையும் திறந்து வைத்த ஆயரும் சபைக்கு உள்ளேயே இருந்தவர்கள் என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

எதிர்ப்பக்கச் சான்றையும் நேர்மையோடு வைக்க வேண்டும். ஏறத்தாழ 180-ஆம் ஆண்டில் எழுதிய ஆயர் இரேனியு, இந்தப் பகுதியின் 19-ஆம் வசனத்தை மாற்குவின் சொல்லாகவே மேற்கோள் காட்டுகிறார். அப்படியானால் இந்த 12 வசனங்களாலான நீண்ட முடிவு 2-ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. இன்றுள்ள கிரேக்கப் பிரதிகளில் மிகப் பெரும்பாலானவற்றிலும் அது இருக்கிறது. ஆனால் 8-லிருந்து 9-க்குச் செல்லும்போது தையல் கண்ணில் படுகிறது: மூன்று பெண்களைப் பற்றிய பேச்சு சட்டென நின்றுபோகிறது; சற்று முன்பு மூன்று முறை பெயர் சொல்லப்பட்ட மகதலேனா மரியாளை, இயேசு ஏழு பிசாசுகளைத் துரத்திய பெண் என்று புதிதாக அறிமுகம் செய்கிறது; கலிலேயாவில் காண்பீர்கள் என்ற வாக்கு அப்படியே விடப்படுகிறது. வேறொரு கை எழுதியது என்றே பெரும்பாலான அறிஞர்கள் முடிவு செய்கிறார்கள். நானும் அப்படியே எண்ணுகிறேன்.

[திரையில்: 'எஃபொபூந்தோ கார்' என்ற இரு கிரேக்கச் சொற்கள்]

இப்போது மொழிக்கு வருவோம். கிரேக்கத்தில் 8-ஆம் வசனத்தின் இறுதியில் நிற்பவை இரண்டே சொற்கள். முதல் சொல்லுக்குப் பயந்திருந்தார்கள் என்று பொருள். இரண்டாவது சொல்லாகிய 'கார்' காரணத்தைக் குறிக்கும் இடைச்சொல். ஒரு வாக்கியம் இப்படி முடிவது கிரேக்கத்தில் இயல்புதான், ஆனால் ஒரு நூல் இப்படி முடிவது அரிது. தமிழில் இதை அப்படியே கொண்டுவர முடியாது. நம் மொழியில் காரணம் முன்னே வந்து, வினைமுற்று கடைசியில் நிற்கும். ஆகவே தமிழில் வாசிக்கிறவருக்குப் பயம் முதலில் வருகிறது, மௌனம் கடைசியில் ஒலிக்கிறது. கிரேக்கத்தில் கேட்டவருக்கு மௌனம் முன்னே வந்தது, காதில் கடைசியாக நின்றது பயம். ஒரே வசனம், இரு மொழிகளில் இரு வெவ்வேறு முடிவுகள்.

மாற்கு மேலும் எழுதி அந்தக் கடைசித் தாள் கிழிந்துபோயிருக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. அதை மறுக்க வழியில்லை. ஆனால் முதல் அதிகாரத்திலிருந்து வாசித்து வருகிறவருக்கு இந்த முடிவு அந்நியமாகத் தோன்றாது. குணமான குஷ்டரோகியிடம் யாருக்கும் சொல்லாதே என்று இயேசு கண்டிப்பாய்ச் சொல்கிறார். அவனோ போய் எங்கும் பிரசித்தப்படுத்துகிறான். 7-ஆம் அதிகாரத்தில், சொல்லக்கூடாது என்று எவ்வளவு அதிகமாகக் கட்டளையிட்டாரோ அவ்வளவு அதிகமாக மக்கள் அறிவிக்கிறார்கள். சொல்லாதே என்றபோதும் பேசியவர்களைக் காட்டும் இந்தச் சுவிசேஷத்தில், சொல்லுங்கள் என்று கட்டளை பிறக்கும் இந்தக் காலையில் மௌனம் விழுகிறது. இது தற்செயலாக அமைந்தது என்று என்னால் நம்ப முடியவில்லை.

இந்தக் கேள்வி ஏட்டோடு நின்றுவிடுவதும் இல்லை. விசுவாசிகள் சர்ப்பங்களை எடுப்பார்கள் என்று 18-ஆம் வசனத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில் அதை நேர்க்கட்டளையாகக் கொண்டு ஆராதனையில் விஷப்பாம்புகளைக் கையில் எடுக்கும் சபைகள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாயின. அவ்வழக்கத்தைப் பரப்பியவர்களில் முதன்மையானவராகிய ஜார்ஜ் வென்ட் ஹென்ஸ்லி 1955-இல் பாம்பு கடித்தே இறந்தார். அதே சமயம், ஒரு பகுதியை யார் எழுதினார் என்பது ஒரு கேள்வி, சபை அதை வேதமாக ஏற்றுக்கொண்டதா என்பது வேறொரு கேள்வி. கத்தோலிக்க சபை இந்த வசனங்களை வேதத்தின் பகுதியாகவே கொள்கிறது. ஏப்ரல் 25 அன்று, மாற்குவின் திருநாளிலேயே, திருப்பலியில் வாசிக்கப்படுவது இந்தப் பகுதிதான். அந்த வாசிப்பைக் கேட்டு ஆறுதல் பெறுகிறவர் ஏமாற்றப்படுகிறார் என்று நான் கருதவில்லை. அந்தச் சொற்களும் ஆதிச் சபையின் விசுவாசத்திலிருந்தே பிறந்தவை.

[திரையில்: மாற்கு 5:33]

8-ஆம் வசனத்தோடு நிறுத்திப் பார்க்க விரும்புகிறவர்கள், அதற்கு முன் 5-ஆம் அதிகாரத்துக்கு ஒருமுறை திரும்புங்கள். பன்னிரண்டு வருடம் உதிரப்போக்கினால் அவதிப்பட்ட பெண் கூட்டத்துக்குள் வந்து இயேசுவின் வஸ்திரத்தைத் தொடுகிறாள். தன்னைத் தொட்டவர் யார் என்று அவர் கேட்டபோது அவளும் பயந்தாள், அவளும் நடுங்கினாள். அந்தப் பயத்தோடும் நடுக்கத்தோடுமே அவர் முன் விழுந்து உண்மையையெல்லாம் சொன்னாள். கல்லறையை விட்டு ஓடிய மூன்று பெண்களுக்கும் மாற்கு அதே பயத்தையும் அதே நடுக்கத்தையும் தருகிறார். அவர்கள் கடைசிவரை வாய் திறக்காமலே இருந்திருந்தால் இந்தச் செய்தி நம் கைக்கு வந்திருக்காது. அவர்கள் எப்போது, யாரிடம் முதலில் பேசினார்கள் என்பதை மாற்கு எழுதவில்லை.