ராத்திரி இரண்டு மணிக்கு யார் விழித்திருக்கிறார்கள்?

நேயர்களுக்கு வணக்கம். தனி வீடொன்றை வாடகைக்குப் பிடித்து, பத்துப் பன்னிரண்டு முதியவர்களைத் தங்கவைத்து, குளிப்பாட்டுவது, ஊட்டுவது, டயபர் மாற்றுவது என்று எல்லாம் பார்த்துக்கொள்ளும் சிறிய இல்லங்கள் இப்போது நம் ஊர்களில் நிறைய வந்துவிட்டன. அம்மாவையோ அப்பாவையோ சேர்க்க நினைப்பவர்கள் பெரும்பாலும் காலை பதினொரு மணிவாக்கில் போய்ப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் தரை துடைத்திருக்கும், எல்லோரும் குளித்து நெற்றியில் விபூதியோடு உட்கார்ந்திருப்பார்கள். பதினொரு மணிக்கு எல்லா இல்லமும் நன்றாகத்தான் இருக்கும். நீங்கள் விசாரிக்க வேண்டியது ராத்திரி இரண்டு மணியை.

"நைட்ல எத்தனை பேர்?" என்று கேட்டால், "ரெண்டு பேர் இருக்காங்க சார்" என்பார்கள். இருப்பது வேறு, விழித்திருப்பது வேறு. பகல் முழுக்க உழைத்த அதே ஆயா கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தால் அது நைட் டியூட்டி ஆகாது. அவரைக் குறை சொல்லியும் பயனில்லை.

ஏன் இதையே சொல்கிறேன் என்றால், படுக்கையோடு கிடப்பவருக்குப் படுக்கைப்புண் வராமலிருக்க, ராத்திரியிலும் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டியாக வேண்டும். முழுக்க ஒருக்களித்துப் படுக்கவைத்தால் இடுப்பெலும்பு அழுந்தும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து முப்பது டிகிரி சாய்த்தால் போதும். கெண்டைக்காலுக்குக் கீழே ஒரு தலையணை வைத்துக் குதிகாலை மெத்தையில் படாமல் தூக்கிவிட வேண்டும்.

சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்து மறுபடி சிவந்தால் இன்னும் சமாளிக்கலாம். வெளுக்கவே இல்லையென்றால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. நம்முடைய கறுத்த தோலில் சிவப்பு தெரியாது, அதனால் தொட்டுப் பார்க்க வேண்டும். அக்கம்பக்கத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும். அங்கே எண்ணெய் போட்டுத் தேய்க்கவே கூடாது, உள்சதை இன்னும் கெடும். நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணையும் வேண்டாம், அது சுற்றியிருக்கும் ரத்த ஓட்டத்தை நெரிக்கும்.

"ஏர் பெட் போட்டிருக்கோம்" என்பார்கள், மோட்டார் காற்றடிக்கும் மெத்தை அது. நல்லதுதான், ஆனால் அது புரட்டும் வேலைக்குப் பதிலாகாது. கரண்ட் போய் மோட்டார் நின்றால் காற்று இறங்கவும் கூடும். இன்வெர்ட்டரில் இணைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

இன்னொன்று, எத்தனை மணிக்குப் புரட்டினார்கள் என்று குறித்து, கட்டிலில் மாட்டியிருக்கும் சார்ட்டை வாங்கிப் பாருங்கள். 12.00, 2.00, 4.00 என்று நிமிடம் பிசகாமல், ஒரே மையில், ஒரே சாய்வில் வரிசையாக இருந்தால் அது விடிந்த பிறகு உட்கார்ந்து எழுதியது. உண்மையில் வேலை நடந்தால் 12.10, 2.25 என்று முன்பின்னாகத்தான் இருக்கும்.

நடமாடுகிறவர்களுக்கும் ராத்திரிதான் ஆபத்து. நீர் பிரிய வைக்கும் மாத்திரையைச் சாயங்காலம் கொடுத்துவிட்டால் ராத்திரி நாலு தடவை எழ வேண்டிவரும்; காலை நேரத்துக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். எழுந்ததும் நிற்காமல், கட்டில் விளிம்பில் ஓரிரு நிமிடம் உட்கார்ந்தால் தலைசுற்றி விழுவது குறையும். பாத்ரூம் தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கும்படி இருக்க வேண்டும். உள்ளே விழுந்தவர் எழுந்து வந்து திறக்கமாட்டார்.

நேரம் ஆகிவிட்டதென்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். சாப்பாட்டைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்ட வேண்டும், ஊட்டியபின் அரைமணி நேரம் படுக்கவைக்கக் கூடாது, புரையேறினால் நுரையீரலுக்குப் போகும். பண விஷயத்தில், ஆஸ்பத்திரியில் சேர்த்த நாட்களுக்கும் கட்டணம் உண்டா, முன்பணத்தில் எவ்வளவு திரும்பும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முதியோருக்கான இலவச உதவி எண் 14567. வணக்கம்.