ஊற்றியவரே எண்ணலாமா?

நேயர்களுக்கு வணக்கம்.

அறிவியல் கண்காட்சிகளில் மாணவர்கள் விரும்பிச் செய்யும் சோதனை ஒன்று உண்டு. டாஃப்னியா என்னும் நீர்த்தெள்ளு இருக்கும் நீரில், காப்பியிலும் தேநீரிலும் உள்ள காஃபீனின் கரைசலைச் சொட்டுவார்கள். 'இதயத்துடிப்பு கூடியது' என்று அட்டையில் முடிவு எழுதியிருக்கும். அதைப் படித்ததும் நான் கேட்பது ஒன்றுதான்: துடிப்பை எண்ணியவர் யார்?

டாஃப்னியா சில மில்லிமீட்டர் நீளமே உள்ள நன்னீர் உயிரி. இறாலுக்கும் நண்டுக்கும் உறவு. உடல் ஒளி ஊடுருவக்கூடியது என்பதால், முதுகுப்புறத்தில் இதயம் படபடப்பதை நுண்ணோக்கியில் நேராகவே பார்க்கலாம். நிமிடத்துக்கு 200 முறைக்கு மேலும் துடிக்கும் அதை வாயால் எண்ணி மாளாது. ஆகவே துடிப்புக்கு ஒரு புள்ளியாகத் தாளில் பென்சிலால் குத்திக்கொண்டே போவார்கள். 10 விநாடிப் புள்ளிகளை 6-ஆல் பெருக்கினால் நிமிடக் கணக்கு. 3 புள்ளிகள் அதிகம் விழுந்தால் போதும், துடிப்பு 18 கூடிவிடும்! காஃபீன் ஊற்றியவரே பென்சிலையும் பிடித்தால், அவர் அறியாமலே கை வேகமெடுக்கும். ஏமாற்றும் எண்ணம் இல்லாதவருக்கும் இது நேரும். புட்டிகளுக்கு 'அ', 'ஆ' என்று மட்டும் பெயரிட்டு, எதில் என்ன என்பதை இன்னொருவர் மறைத்துவைத்துக்கொள்ள வேண்டும். கைபேசியில் மெதுவோட்டப் படம் எடுத்து எண்ணினால் இன்னும் நல்லது.

நுண்ணோக்கி விளக்கும் சும்மா இருப்பதில்லை. அது ஒரு சொட்டு நீரை விரைவில் சூடாக்கும். நீர் சூடேறினால் மருந்தே இல்லாமலும் துடிப்பு கூடும். வெறும் நீரில் உள்ள டாஃப்னியாவையும் அதே விளக்கடியில் அதே நேரம் வைத்து எண்ணியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

காஃபீன் நமக்கு ஊக்கி என்பதால் எல்லா உயிருக்கும் அப்படியே என்று எண்ணிவிடக் கூடாது. செடிகளுக்கு அது பூச்சிகளை விரட்டும் ஆயுதம். 1948-இல் மருந்தியல் ஆய்வாளர் பீட்டர் விட் சிலந்திகளுக்கு மருந்துகள் கொடுத்து அவை பின்னும் வலைகளை ஆராயத் தொடங்கினார். 1995-இல் நாசா ஆய்வாளர்கள் அதே வழியில் சோதித்தபோது, காஃபீன் உண்ட சிலந்தியின் வலை ஒழுங்கே இல்லாமல் தாறுமாறாக இருந்தது. கஞ்சா கொடுத்த சிலந்திகூட அதைவிட ஒழுங்காகப் பின்னியிருந்தது.

மாணவர்களே, கரைசலை மிக நீர்த்ததாக வைத்துத் தொடங்குங்கள். எண்ணி முடித்ததும் டாஃப்னியாவைத் தூய நீருக்கு மாற்றி, துடிப்பு பழைய நிலைக்குத் திரும்புகிறதா என்று மறுபடி எண்ணுங்கள். பல அட்டைகளில் அந்த எண்ணைத்தான் காணோம்.