அவரிட்டயும் கேளுங்க

வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

பாரிசவாதம், அதாவது பக்கவாதம், வந்தவர்களுக்குக் கை, கால் பயிற்சி கொடுப்பது என் தொழில். கால் எப்போது சரிவரும் என்று கேட்பவருக்கு ஓரளவு பதில் சொல்லிவிடலாம். "உழைக்காத மனிசனுக்கு வீட்டில என்ன மரியாதை?" என்று கேட்பவரிடம்தான் வாயடைத்துப் போகிறோம்.

மட்டக்களப்புப் படுவான்கரையில் ஒரு வேளாண்மைக்காரர். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரில் இரண்டு போகமும் செய்தவர். வருத்தத்துக்குப் பிறகு இடது கை தூக்க வராது. "நீங்க பேசாம இருங்கப்பா, நாங்க பாக்கிறம்" என்றார்கள் பிள்ளைகள். அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் எந்த நெல் விதைப்பது, வெட்டுக்கு யாருடைய மெசினைப் பிடிப்பது என்பதைக்கூட அவரிடம் கேட்கவில்லை. வயல் வட்டையால் வந்த மகன் திண்ணையில் இருந்த தகப்பனைத் தாண்டிப்போய்த் தாயிடம் விபரம் சொல்வான். மனிதர் சாப்பாட்டைக் குறைத்தார், பயிற்சியையும் விட்டார். அயலவர்கள் செய்வினை என்றார்கள். நம்மூரில் அதற்கு மட்டும் பஞ்சமில்லையே!

சிறுபோக ஆரம்பக் கூட்டத்துக்கு அவரையும் ஆட்டோவில் ஏற்றிப்போகும்படி மகனிடம் சொன்னோம். தண்ணீர் திறக்கும் திகதி பற்றிய பேச்சு வந்ததும், வாய்க்கால் அந்தத்து வயல்களுக்கு அது பிந்தும் என்று எழும்பி நின்றிருக்கிறார். நாக்குக் கொஞ்சம் குழறும். அங்கிருந்த ஒருவர் அவரோடு விடாமல் எதிர்வாதம் செய்தாராம். வீட்டுக்கு வந்தும் அந்த ஆளைத் திட்டிக்கொண்டே சாப்பிட்டார் என்று மகன் சொன்னான். நோயாளி என்று பாவம் பார்க்காமல் ஒருவர் தன்னோடு மல்லுக்கு நின்றது அவருக்கு எங்கள் ஆறுதல் வார்த்தைகளை விடப் பெரிதாக இருந்திருக்கிறது.

அதனால் ஒப்புக்கு ஒரு வேலை கொடுக்காதீர்கள். நோயாளி அதை உடனே கண்டுபிடித்துவிடுவார். பிழைவிட்டால் நட்டம் வரக்கூடிய பொறுப்பாக இருக்கட்டும்: கூலிக் கணக்கு, நெல் விலை பேசுவது. மருதமுனையில் தறியை விட்டவர் ஒருவர் இருந்தால், சேலைக்கு எந்த நிறத்தோடு எது சேரும் என்பதை இன்னும் அவர் கண்தான் முடிவுசெய்யட்டும். பாரிசவாதத்துக்குப் பிறகு உடம்பு சீக்கிரம் களைக்கும், அது சோம்பல் இல்லை. கணக்கு வழக்கைக் காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

வருத்தக்காரர்களுக்கும் ஒன்று. கலியாண வீட்டில் "இப்ப என்ன செய்யிறீங்க?" என்று கேட்டால் "சும்மா இருக்கன்" என்று சொல்லாதீர்கள். வைத்தியம் எடுக்கிறேன், வயல் கணக்குப் பார்க்கிறேன் என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

இவ்வளவு செய்தும் சில பேருக்கு இருள் விலகாது. பாரிசவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு நோயும் வருகிறது. மூளையில் ஏற்பட்ட பாதிப்பே அதற்கு ஒரு காரணமாகலாம். அதற்கு மருந்து உண்டு, உளவளத்துணையும் உண்டு. நித்திரை இல்லை, சாக வேண்டும்போல் இருக்கிறது என்றால் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்க வேண்டாம். தேசிய மனநல உதவி இலக்கம் 1926, இரவிலும் எடுக்கலாம்.

நன்றி, வணக்கம்.